சின்னக் குழுக்களை எங்கே தேடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஃபவுண்டன் பேனாவில் எழுதினாலும் மை ஊறாத நோட்டுகளைக் கையால் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். தைப்பது, படம் எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் நானேதான். தினம் பத்து இடத்தில் பதிவு போட நேரமில்லை. பேனாப் பித்து உள்ளவர்கள் கூடும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஒழுங்காகப் பழகலாம் என்று நினைக்கிறேன்.

ரெட்டிட்டில் ஃபவுண்டன் பேனாவுக்கென்றே பெரிய குழு இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என் பதிவு யார் கண்ணிலும் படாது. எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது: நாட்குறிப்பு எழுதுபவர்கள், விதவிதமான மைகளைச் சோதித்துப் பார்ப்பவர்கள், தமிழில் கையெழுத்துப் பழகுபவர்கள். டிஸ்கார்ட், வாட்ஸ்அப் குழுக்களின் பேச்சு கூகுள் தேடலில் வருவதில்லை. யாராவது இணைப்பு கொடுத்தால்தான் உள்ளே போக முடிகிறது. நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அப்புறம், உள்ளே போனபின் பேசுவது. பத்துப் பதிவில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்காக இருக்கக்கூடாது என்று ரெட்டிட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சரி, நியாயம்தான். ஆனால் "எந்தத் தாளில் மை பின்பக்கம் தெரியாது?" என்று ஒருவர் கேட்கும்போது, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மட்டும் போதாது, மை உறிஞ்சாமலிருக்கத் தாளில் சேர்க்கும் பசையும் முக்கியம் என்று விளக்கிவிட்டு, "நானும் நோட்டு விற்கிறேன்" என்று சொல்லலாமா? மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னாலோ, வியாபாரி என்று ஒதுக்குகிறார்கள். அட்மினிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டவர்கள் இருக்கிறீர்களா? என்ன பதில் வந்தது?

தனியாளாகத் தொழில் செய்பவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். ஹேஷ்டேக் யோசனை மட்டும் வேண்டாம், போட்டுப் பார்த்தாயிற்று.