ஆறு பருவத்துக்கும் ஆறு சோப்பு: மணமும் டிசைனும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கிறேன், வீட்டில் கோல்டு ப்ராசஸ் முறையில் (எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் அடுப்பில் காய்ச்சாமல் கலந்து ஊற்றுவது) சோப்பு செய்து சொந்தபந்தங்களுக்கும் தெருவில் தெரிந்தவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆவாரம்பூ, குப்பைமேனி, நலங்குமாவு என்று எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன், நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பருவத்துக்கு ஏற்ற மாதிரி மணமும் வடிவமும் மாற்றிச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கடையில் மோல்டு கேட்டால் பனிமனிதன், பூசணிக்காய், மேப்பிள் இலை என்று எடுத்துக் காட்டுகிறார்கள். நம் ஊரில் யார் மேப்பிள் இலை உதிர்ந்து பார்த்திருக்கிறார்கள்? நமக்கே கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு இருக்கிறதே, அதையே வைத்து ஒரு பெட்டியில் ஆறு சோப்பு போடலாம் என்று நினைக்கிறேன்.

மனதில் இருப்பது இதுதான்: கார் காலத்துக்கு மண்வாசனை, கூதிருக்கு இஞ்சி கிராம்பு மாதிரி ஏதாவது, முன்பனிக்கு சாம்பிராணி மணத்தோடு மார்கழிக் கோலம், பின்பனிக்கு மாம்பூ, இளவேனிலுக்கு மல்லிகை, முதுவேனிலுக்கு வெட்டிவேரும் எலுமிச்சையும். மல்லிகை சோப்பு வெள்ளை வெளேர் என்று வர வேண்டும், கூதிருக்கு மழை வழிகிற மாதிரி நெளிநெளியாக டிசைன் வேண்டும். இதெல்லாம் நடக்குமா, நடக்காதா? மண்வாசனைக்கு என்ன வாங்குவது? இப்போது ஆடி பிறந்துவிட்டது, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.


செக்கடி:

நல்ல யோசனை தோழி, பூசணிக்காயை விட்டுவிட்டு நம் மாதங்களைப் பிடித்தது ரொம்பச் சரி. ஒரே ஒரு விஷயம், நீங்கள் டிசைனையும் மணத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோல்டு ப்ராசஸில் மணம்தான் முதலில், அந்த மணம் எந்த டிசைனுக்கு இடம் கொடுக்கிறதோ அதைத்தான் செய்ய முடியும்.

கூதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்பு எண்ணெயை ஊற்றின மாத்திரத்தில் மாவு, அதாவது மோல்டில் ஊற்றுவதற்கு முந்தைய சோப்புக் கலவை, இறுகத் தொடங்கிவிடும், கொஞ்சம் அசந்தால் பாத்திரத்திலேயே களி கிண்டின மாதிரி நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு மழைக்கோடு நெளிக்க முடியாது. பட்டை எண்ணெயும் அப்படித்தான், போதாததற்குத் தோலிலும் எரியும். மழை டிசைன்தான் முக்கியம் என்றால் அந்த சோப்புக்கு மெதுவாக இறுகும் மணமாகப் பாருங்கள், யூகலிப்டஸ், வாசனைப்புல் (லெமன்கிராஸ்), பச்சௌலி என்கிற வாசனை இலை எண்ணெய் இதெல்லாம் நிதானமானவை. கிராம்புதான் வேண்டும் என்றால் மொத்த மணத்தில் சிறு பங்காக வைத்து, டிசைனை ஒரே நிறமாக, மேலே கரண்டியால் மலைமாதிரி எழுப்பிவிடுகிற வகையில் முடித்துக்கொள்ளுங்கள்.

மல்லிகை வெள்ளையாக வராது. மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது, நாளாக ஆக அது சோப்பைப் பழுப்பாக்கும். டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறப்பொடியை எவ்வளவு போட்டாலும் கடைசியில் தந்த நிறத்தில்தான் வந்து நிற்கும். பாதி மாவில் மணம் கலந்து மறுபாதியை வெள்ளையாக விடலாமே என்றால், பழுப்பு மெல்ல மெல்ல வெள்ளைக்குள் ஊறி எல்லைக்கோடு கலங்கிவிடும். வெனிலா கலந்த எந்த மணத்துக்கும் இதே கதைதான். அதனால் தந்த நிறத்தையே ஏற்றுக்கொண்டு, மேலே அரும்பு வடிவ அச்சு மட்டும் குத்தி, வாழைநாரால் ஒரு சுற்று சுற்றிக் கொடுங்கள். வாழைநாரில்தான் நம் ஊரில் பூவே கட்டுகிறார்கள், அதைப் பார்த்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இன்னொன்று, பூ மணங்கள் பலதும் மாவைச் சட்டென்று இறுக்கும். ஸ்டிக் பிளெண்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியால் கலந்து உடனே ஊற்றிவிடுங்கள்.

மண்வாசனைக்கு மிட்டி அத்தர் என்று ஒன்று இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் ஊரில், காயவைத்த களிமண் வில்லைகளைச் செம்புப் பானையில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து எடுக்கிறார்கள். மோந்து பார்த்தால் அசந்துபோவீர்கள், அசல் முதல் மழையேதான். ஆனால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 சதவீதம் என்றால் 30 கிராம் மணம் போக வேண்டும், அசல் அத்தரில் அந்த அளவு போட்டால் சோப்பின் விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு எண்ணெயில் கலந்தது. நான் செய்வது, வெட்டிவேர் எண்ணெயோடு கொஞ்சம் பச்சௌலி. இரண்டுமே மண் சாயல் உள்ளவை, கனமான மணம் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும். இல்லையென்றால் மழை, மண் என்ற பெயரில் விற்கிற ஃப்ராக்ரன்ஸ் ஆயிலை வாங்கலாம், சோப்புக்கு எவ்வளவு சதவீதம் போடலாம் என்று சொல்கிற இஃப்ரா (சர்வதேச வாசனைப்பொருள் சங்கம்) சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஊதுபத்திக்கு விற்பதை வாங்கித் தோலில் போடாதீர்கள்.

எலுமிச்சை எண்ணெய் க்யூரிங், அதாவது வெட்டின சோப்பை வாரக்கணக்கில் காயவைப்பது, முடிவதற்குள் பறந்துவிடும். வாசனைப்புல் போடுங்கள், அதே எலுமிச்சைச் சாயல்தான், சிட்ரால் நிறைய இருப்பதால் நிற்கும், சோப்புக்கு லேசான மஞ்சளும் தானாகவே வந்துவிடும். முதுவேனிலுக்கு வெட்டிவேரோடு அது ஜோராக இருக்கும்.


பாலாற்றங்கரை:

செக்கடி சொன்னதோடு மாதக் கணக்கையும் பாருங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் க்யூரிங் என்பதால், எந்தப் பருவத்துக்கான சோப்பையும் அதற்கு முந்தைய பருவத்தில்தான் ஊற்ற முடியும். மார்கழி சோப்பைக் கணக்குப்படி ஐப்பசியில் ஊற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஐப்பசியில் அடைமழை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் ஈரக்காற்றில் சோப்பிலிருந்து தண்ணீர் வெளியேறவே மாட்டேன் என்னும். கிளிசரின் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து, மேலே முத்து முத்தாக வியர்க்கும். மைக்கா என்ற மினுமினுப்புப் பொடி பூசி ஏதாவது அலங்காரம் செய்திருந்தால் அதுவும் கலைந்துவிடும். ஆகவே முன்பனி சோப்பை ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரத்துக்குள் ஊற்றிவிடுங்கள், மழை பிடிப்பதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும். மழையிலேயே காயவைக்க வேண்டியிருந்தால் ஃபேன் போட்ட அறையில், ஒன்றோடொன்று ஒட்டாமல், இரும்புத் தட்டில் வைக்காமல் காயவையுங்கள். இரும்பு பட்ட இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழும், எண்ணெய் காறிப்போவதன் அடையாளம் அது.

சித்திரை வைகாசியில் ஊற்றுவது இதற்கு நேர்மாறான தொல்லை. காஸ்டிக் கரைசல் ஆறவே ஆறாது, மோல்டுக்குள் சூடு ஏறி நடுவில் வெடிக்கும். விடிகாலையில் செய்யுங்கள், தண்ணீரில் ஒரு பகுதியை எடை போட்ட ஐஸ்கட்டியாகப் போடுங்கள். சர்க்கரை, பனைவெல்லம், தேன், பால் கலந்த எதையும் அந்த மாதங்களில் ஊற்றாமல் இருப்பதே நல்லது, இனிப்பு சூட்டை இன்னும் ஏற்றும்.

உடனடியாகக் கொடுக்க வேண்டும் என்று சிலர் மெல்ட் அண்ட் போர் பேஸுக்கு (உருக்கி ஊற்றுகிற ரெடிமேட் சோப்புக் கட்டி) போவார்கள். மழைக்காலத்தில் அது இன்னும் மோசமாக வியர்க்கும், மோல்டிலிருந்து எடுத்தவுடன் கிளிங் ஃபிலிமில் சுற்றியே ஆக வேண்டும்.


கோலமாவு:

கோலத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு அதில்தான் உயிர் 🙂

மைக்காவைப் பிரஷ்ஷால் தொட்டுக் கோலம் வரைய முயலாதீர்கள், இரண்டு குளியலில் போய்விடும். சிலிகான் இம்ப்ரெஷன் மேட் என்று கிடைக்கிறது, கேக்கின் மேல் அச்சு பதிக்க வைத்திருப்பார்கள் பாருங்கள், அதேதான். அதில் புள்ளிக்கோலமோ சிக்குக்கோலமோ உள்ளதை வாங்கி ஸ்லாப் மோல்டின் (தட்டு மாதிரி அகலமான மோல்டு) அடியில் விரித்து அதன்மேல் ஊற்றுங்கள். மாவு தளர்வாக இருக்க வேண்டும், கெட்டியாக ஊற்றினால் கோட்டுக்கு நடுவில் காற்று அடைத்துக்கொண்டு பொத்தல் விழும். ஊற்றினதும் மோல்டை மேசைமேல் நாலு தட்டு தட்டுங்கள். எடுக்கிறபோது அவசரப்படாமல் நன்றாக இறுகவிட்டு, ஒரு மணிநேரம் ஃப்ரீசரில் வைத்து உரித்தால் கோடு பிசிறில்லாமல் வரும். அடியில் செங்கல் நிறம் வேண்டுமானால் காவிக் களிமண் போடுங்கள், வாசலில் செம்மண் இட்ட மாதிரி இருக்கும். கோட்டுக்கு வெள்ளை வேண்டுமானால், அந்த சிலிகான் மேட்டின் பள்ளத்தில் முதலில் வெள்ளை மாவை வழித்துவிட்டு, அது கொஞ்சம் இறுகினதும் செம்மண் நிற மாவை ஊற்றுங்கள். இதற்கு மணம் நிதானமானதாக இருக்க வேண்டும். சாம்பிராணிப் பிசினைக் கரைத்துப் போட்டால் இறுகும், பழுப்பாகும். குந்திரிக்க எண்ணெய் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, சாம்பிராணி போட்ட வீட்டின் மணமும் வந்துவிடும்.

கூதிர் மழைக்கு நிறமே போட வேண்டாம், தண்ணீரின் அளவை மாற்றியே கோடு கொண்டுவரலாம். ஒரு கிலோ எண்ணெய்க்கு உதாரணமாக 140 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு 210 கிராம் தண்ணீர் என்று எல்லா மாவையும் கலக்குங்கள். சரிபாதி பிரித்து, ஒரு பாதியில் மட்டும் 70 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர் கூடச் சேர்த்து அடியுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி உயரத்திலிருந்து ஊற்றி, கம்பியை மேலும் கீழும் ஒருமுறை ஓட்டி, துண்டைச் சுற்றி மூடிவையுங்கள். சூட்டில் ஜெல் ஆகிறபோது, அதாவது மாவு குழைந்து கண்ணாடி மாதிரி ஆகிறபோது, தண்ணீர் அதிகமுள்ள பாதி கொஞ்சம் கண்ணாடித்தன்மையாகவும் மற்றது வெளிறியும் நிற்கும். வெட்டிப் பார்த்தால் ஜன்னலில் மழை வழிகிற மாதிரி இருக்கும், நிறம் கொட்டிச் செய்ததைவிட எனக்கு இதுதான் அழகு.

நீலம் வேண்டியே தீரும் என்றால் அவுரி. ஆனால் தலைக்கு விற்கிற அவுரி இலைப்பொடி வேண்டாம், பச்சை கலந்த மங்கல்தான் வரும். திண்டிவனம் பக்கம் இலையை ஊறவைத்து நீலம் பிரித்துக் கட்டியாக்குகிறார்கள், அந்தக் கட்டிதான் வேண்டும். பீட்ரூட், செம்பருத்தி, ரோஜா இதழ் எல்லாம் காஸ்டிக்கில் பழுப்பாகிவிடும், பூவிதழை நம்பி டிசைன் போடாதீர்கள். மஞ்சள்தூள் அழகாக வரும், வெயில் பட்டால் வெளுக்கும்.

மாம்பூவுக்கு மணம் தேடாதீர்கள், கிடைப்பதெல்லாம் பழுத்த மாம்பழ எசென்ஸ் மாதிரி இருக்கும். பின்பனிக்கு மருக்கொழுந்து போட்டுப் பாருங்களேன், நம் ஊர் மணம், கொஞ்சம் போட்டாலே தூக்கலாக இருக்கும்.


காவிரிக்கரை:

அம்மாடி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் மாற்றிக் கோடு எடுப்பதை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். எண்ணெய் கலவையையும் பருவத்துக்கு மாற்ற வேண்டுமா, அல்லது ஒரே கலவை போதுமா? அப்புறம், அக்கம்பக்கத்துக் கடையில் வைத்து விற்கச் சொல்கிறார்கள், அதற்கு ஏதாவது அனுமதி வேண்டுமா?


செக்கடி:

கட்டாயம் மாற்றுங்கள், மணத்தைவிட அதைத்தான் குளிப்பவர் உணர்வார். பொதுவான கலவையாக, ஒரு கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 300, ஆலிவ் 500, ஆமணக்கு 70, ஷியா பட்டர் 130 கிராம் எடுத்தால், 5 சதவீதம் எண்ணெயைச் சோப்பாக மாறாமல் மிச்சம் விட்டு காஸ்டிக் சோடா சுமார் 140 கிராம் வரும். எந்தக் கலவையானாலும் நீங்களே சோப்பு கால்குலேட்டரில் (எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்று கணக்குப் போடுவது) போட்டுப் பார்த்த பிறகுதான் எடை போட வேண்டும். வேனிலில் வியர்வை, எண்ணெய்ப்பிசுக்கு போக வேண்டும் என்பதால் தேங்காய் எண்ணெயை 400 வரைக்கும் ஏற்றலாம். மார்கழி, தையில் தோல் வறண்டு வெள்ளைக்கோடு விழும், அப்போது 200க்கு இறக்கி, எண்ணெய் மிச்சத்தை 7, 8 சதவீதம் ஆக்குங்கள். நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் இரண்டும் தோலுக்கு அருமை, ஆனால் அதிகம் போட்டால் சீக்கிரம் காறும், நம் ஊர்ச் சூட்டில் 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது என் பழக்கம். மழைக்காலத்தில் சோப்பு டப்பாவில் ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் கூதிர் சோப்பில் ஷியாவையோ கோகம் பட்டரையோ கூட்டி, நன்றாக இறுகின கட்டியாகச் செய்யுங்கள்.

வேனில் சோப்பில் மென்தால் போடுபவர்கள் உண்டு, ஒரு சதவீதமே சில்லென்று தூக்கும். சூடான மாவில் போடும்போது கண் எரியும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்னக் குழந்தைகளுக்கு அந்த சோப்பைக் கொடுக்காதீர்கள்.


பாலாற்றங்கரை:

விற்பனை பற்றி: சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. 1940 மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020 அழகுசாதன விதிகளும் பொருந்தும், விற்பதற்காகத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். கடையில் வைப்பதற்கு முன்பு உங்கள் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். பல பேர் உரிமம் உள்ள யூனிட்டில் தங்கள் கலவையைக் கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள், அதுவும் ஒரு வழி. உறையில் என்னென்ன கலந்தது, எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். சொறி போகும், படை போகும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும்.


காவிரிக்கரை:

சரி, இந்த வருடம் ஆறையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கூதிரும் முன்பனியும் மட்டும், இரண்டையும் ஆவணிக்குள் ஊற்றிவிடுகிறேன், வீட்டு ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். கோலமாவு அக்கா, மேட்டில் கோடு எவ்வளவு ஆழம் இருந்தால் நல்லது?


கோலமாவு:

இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். அதைவிட ஆழம் குறைவாக இருந்தால் வெள்ளை வழித்துவிடும்போது பள்ளத்தில் நிற்காது, கை பட்டவுடன் வந்துவிடும். புள்ளிகள் நெருக்கமாக இல்லாத கோலமாக எடுங்கள், ஸ்லாபை வெட்டும்போது ஒவ்வொரு கட்டியிலும் முழுக் கோலம் ஒன்று விழ வேண்டும், அதற்கு உங்கள் கட்டியின் அளவை முதலில் தாளில் வரைந்து மேட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.