மழை பெஞ்சா குறையுது, வெயில் வந்தா ஏறுது: தென்னை வெள்ளை ஈ ஏன் இப்படி?

ஆழியாத்துக்காரன்:
வணக்கம்ங்க. ஆனைமலை பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கோம். சுருள் வெள்ளை ஈ, மழை நல்லா பிடிச்சா அடங்கிடுது, மாசி பங்குனி வந்தா மறுபடி ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா முட்டை போட்டுடுது, கீழ்மட்டை பூரா கரி பூசின மாதிரி ஆயிடுது. அப்பா மருந்தடிச்சே தீரணும்ங்கறார், எனக்கு மனசு வரல. வெயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்க? மரம் தாங்குமா?

பூச்சிநோக்கி:
மருந்து வேண்டாம் தம்பி, அப்பாகிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. இது நம்மூர் பூச்சியே இல்ல, மத்திய அமெரிக்கா பக்கத்துது, நம்ம நாட்டுல 2016ல பொள்ளாச்சியில தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு, அந்த வருஷம் தான் வடகிழக்கு பருவமழையும் மோசமா பொய்ச்சுது. பலத்த மழை அடிச்சா குஞ்சும் ஈயும் கழுவிட்டு போயிடும், மழையில்லாம காஞ்சு கிடந்தா அந்த அடி விழாது, சூட்டுல முட்டை ஈயாகுற நாளும் குறையுது, அதான் கோடையில கூட்டம் பெருகுது.

இதை அடக்குறது என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி. வெள்ளை ஈ குஞ்சுக்குள்ள முட்டை வச்சு, உள்ளயிருந்தே தின்னு வளரும். மருந்தடிச்சா இந்தக் குளவியும் செத்துடும், ஈ மட்டும் தன் மேல இருக்கிற வெள்ளை மெழுகுக்குள்ள பாதி தப்பிச்சு திரும்ப பெருகிடும். லென்ஸ் வச்சு ஓலைக்கு அடியில பாருங்க, குஞ்சு கருப்பா மாறியிருந்தா உள்ள குளவி இருக்கு, வட்டமா ஓட்டை இருந்தா குளவி வெளிய வந்துடுச்சு.

கிணத்துக்கடவு தென்னை:
மரம் தாங்கும்ங்க. ஈ கழிக்கிற இனிப்புத் தண்ணி கீழ்மட்டை மேல விழுந்து அதுல தான் கரும்பூசணம் வளருது, ஓலையில வெயில் படாம காய்ப்பு கொஞ்சம் அடிபடும், ஆனா மரம் சாகாது. லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சி பசையாக்கி கீழ்மட்டையில அடிங்க, காஞ்சதும் கருப்பு ஏடு ஏடா உரிஞ்சு விழும். ஓலைக்கு அடியில தண்ணியை வேகமா பீச்சுங்க, மஞ்சள் ஒட்டுப்பொறியும் கட்டுங்க.

காய் குறைஞ்சா எல்லாப் பழியையும் ஈ மேலயே போடுறாங்க, அது தான் எனக்கு ஆதங்கம். பாளை குருத்துக்குள்ள உருவாகி வெடிக்கவே ரெண்டரை வருஷம் ஆகுது, அதனால முன்ன பட்ட வறட்சி இப்பத்தான் காய்ப்புல தெரியும். தண்ணி பத்தலைன்னா தென்னை கீழ்மட்டையைத் தொங்கவிட்டு உதிர்த்துடும், குரும்பையும் கொட்டும். வட்டப்பாத்தியில மட்டை, உரிமட்டை போட்டு மூடி ஈரத்தைக் காப்பாத்துங்க, எந்த மருந்தை விடவும் அது முக்கியம்.

ஆழியாத்துக்காரன்:
இப்பத்தான் பாத்தேன், வாய்க்கா ஓரத்து மரங்கள்ல நிறைய கருப்புக் குஞ்சு இருக்குங்க! மேட்டுப்பக்கம் ஒண்ணுமே காணோம், எல்லாம் வெள்ளையாவே இருக்கு.

பூச்சிநோக்கி:
நல்ல சேதி. அந்தக் கருப்புக் குஞ்சு உள்ள ஓலையைத் துண்டு துண்டா நறுக்கி மேட்டுப்பக்க மரங்கள்ல கட்டி விடுங்க, ஓட்டை விழாத குஞ்சா இருக்கணும். மேட்டுக்காட்டுல இடையில வாழை வச்சீங்கன்னா குளவி தங்கவும் இடம் கிடைக்கும்.