அப்பாவின் பழைய வலைப்பக்கங்கள்: விஷுவல் எடிட்டரில் திருத்துவதா, எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுவதா?

கண்மாய்க்கரை (கேள்வி)

வணக்கம். ஊர் புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அப்பா பள்ளி ஆசிரியர். 2006-இல் தொடங்கி எங்கள் பக்கத்து விவசாயச் சொற்களை வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி ஒரு சின்ன வலைத்தளமாகப் போட்டு வைத்திருந்தார். கமலை, சால், வடம், மேழி, கொழு, பூட்டாங்கயிறு, குமிழி மடை என்று சொல்லுக்கு ஒரு பத்தி, சிலவற்றுக்கு அவரே வரைந்த படம். மொத்தம் 43 பக்கம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். தளத்தை நான் தொடர்ந்து நடத்த ஆசைப்படுகிறேன். அவருடைய நோட்டில் இன்னும் ஏற்றாத சொற்கள் நிறைய இருக்கின்றன.

நான் பார்ப்பது கணக்கு எழுதும் வேலை, எச்டிஎம்எல் (வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழி) தெரியாது. இலவசமாகக் கிடைத்த ஒரு விஷுவல் எடிட்டரை (திரையில் பார்த்தபடியே பக்கத்தைத் திருத்தும் மென்பொருள்) இறக்கி, 'மேழி' பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தேன். அட்டவணை அகலம் மாறி, படம் கீழே இறங்கிவிட்டது. பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் கோடைத் திறந்து பார்த்தால் தமிழ் எழுத்தே இல்லை, 'மேழி' என்று இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருக்கிறது:

&#2990;&#3015;&#2996;&#3007;

ஆனால் உலாவியில் திறந்தால் 'மேழி' என்று சரியாகத்தான் தெரிகிறது. இது ஒரு பக்கம் இருக்க, போனில் பார்த்தால் எல்லாப் பக்கமும் எறும்பு மாதிரி பொடி எழுத்து, விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். வேறு நல்ல விஷுவல் எடிட்டருக்கு மாறினால் போதுமா, இல்லை உட்கார்ந்து எச்டிஎம்எல் படிக்க வேண்டுமா? மாலையில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும்.

வெண்பலகை

இரண்டுமே வேண்டாம் என்பேன். வேர்ட்பிரஸ், பிளாக்கர் மாதிரி தளம் நடத்தும் சேவை ஒன்றை வைத்து, பத்திகளை அதில் ஒட்டிவிடுங்கள். போனில் தானாகவே சரியாகத் தெரியும், கோடு பக்கமே போக வேண்டாம். 43 பக்கம்தானே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கண்மாய்க்கரை

அதையும் யோசித்தேன் அண்ணா. அப்பாவின் பக்கங்களுக்கு வேறு சிலர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், முகவரி மாறினால் அதெல்லாம் அறுந்துபோகும். அப்புறம், பக்கம் அவர் வைத்த வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். இவை வெறும் கோப்புகள்தான், ஒரு பென்டிரைவில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூடக் கொடுக்க முடிகிறது. அது கைவிட்டுப் போக வேண்டாம்.

தறிக்காரர்

சகோதரி, முதலில் ஒன்று: அந்த 43 கோப்பையும் அப்படியே இன்னொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள், அதை எந்த எடிட்டரிலும் திறக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நடந்தது இதுதான். ஒரு எழுத்தைத் திருத்தினால் அந்த எழுத்து மட்டும் கோப்பில் மாறும் என்று நினைத்திருப்பீர்கள். விஷுவல் எடிட்டர் அப்படி வேலை செய்வதில்லை. கோப்பைப் படித்து, தனக்குப் புரிந்தபடி நினைவகத்தில் கிளை கிளையாகப் பிரியும் ஒரு மர அமைப்பாகக் கட்டிக்கொள்கிறது. நீங்கள் திரையில் தொடுவது அந்த மரத்தை. சேமிக்கும்போது முழுப் பக்கத்தையும் தன் பாணியில் புதிதாக எழுதித் தள்ளுகிறது. பல எடிட்டர்கள் இப்படித்தான். அப்பா விட்ட இடைவெளி, வரி அமைப்பு, மூடாமல் விட்ட டேக் (பக்கத்தின் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் எச்டிஎம்எல் குறி) எல்லாவற்றையும் அது தன் கணக்குக்கு மாற்றிவிடும். வேறு எடிட்டருக்கு மாறினால் இன்னொரு பாணியில் எழுதும், அவ்வளவுதான்.

எண்களாக வந்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. 2990 என்பது யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பட்டியலில்) 'ம', 3015 ஏகாரக் குறி, 2996 'ழ', 3007 இகரக் குறி. உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்று மேற்கத்திய குறியாக்கம் ஏதாவது எழுதியிருக்கும், பாருங்கள். அதில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் எடிட்டர் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறது. உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது ஒன்றுதான். கஷ்டம் முழுக்க உங்களுக்கு: யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 12 பைட்டில் முடியும் 'மேழி' இப்படி எழுதினால் 28 ஆகிறது, கோடில் 'மேழி' என்று தேடினால் கிடைக்காது, பிழை திருத்தக் கண்ணால் படிக்கவே முடியாது. பராமரிக்கப் போகிறவர் நீங்கள் என்பதால் இது முக்கியம்.

இப்போது உங்கள் கேள்வி. நான் எச்டிஎம்எல் கையால் எழுதச் சொல்வேன், ஆனால் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. சொல் விளக்கப் பக்கத்துக்கு தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, பட்டியல் ஆகியவற்றுக்கான டேகுகள் போதும், பத்தைத் தாண்டாது. நான்கு மாலையில் கை பழகிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் சுத்தமாக எழுதி அச்சு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற 42-க்கும் அதையே நகலெடுத்து உள்ளடக்கத்தை மாற்றினால் போதும்.

அந்த அச்சுப் பக்கத்தில் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரியைத் தலைப்பகுதியின் முதல் வரியாகவே வையுங்கள், கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருந்தாக வேண்டும். மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் டேகிலேயே குறித்துவிடுங்கள். பிறகு, பக்கத்தை எந்த அகலத்தில் வரைவது என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி: அகலம் என்பது கருவியின் அகலம், தொடக்க அளவு 1. போனில் எழுத்து பொடியாக வருவதற்கு இந்த வரி இல்லாததுதான் காரணம். அது இல்லாவிட்டால் போன் உலாவி பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு, ஐபோனில் என்றால் 980 பிக்சலுக்கு, விரித்து வரைந்து அப்படியே சுருக்கிக் காட்டும். ஆனால் அந்த வரி மட்டும் போதாது. பழைய பக்கம் 800 பிக்சல் அட்டவணைக்குள் அடைத்து வைத்ததாக இருந்தால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டி வரும், அதனால் அட்டவணையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பத்தியாக வையுங்கள். படத்துக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதியில்) ஒரு வரி. தமிழுக்கு வரி உயரம் 1.6 அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் 'கூ', 'மூ' வரும் இடங்களில் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்வது மாதிரி இருக்கும்.

எண்களைத் தமிழாக்கத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. பக்கத்தை உலாவியில் திறந்து, தெரிகிற தமிழை நகலெடுத்து, புதுக் கோப்பில் ஒட்டுங்கள். எழுத்தாகவே வரும்.

ஒற்றைவரி

தறிக்காரர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் விஷுவல் எடிட்டரை ஒரேயடியாக ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. முதல் உலாவியே விஷுவல் எடிட்டர்தானே? டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய உலாவியில் பக்கத்தைப் பார்க்கலாம், அங்கேயே தட்டச்சு செய்து திருத்தவும் செய்யலாம். எச்டிஎம்எல்லை எல்லோரும் கையால் எழுத வேண்டும் என்பது அவருடைய எண்ணமாகவே இருக்கவில்லை. ஊரில் சங்கம், கோவில் கமிட்டி, சின்னக் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் தளம் போட்டது விஷுவல் எடிட்டர்களால்தான்.

கையால் எழுதினால் மட்டும் சுத்தமாக வந்துவிடும் என்பதும் இல்லை. ஒரு டிவ் டேக் மூடாமல் போனதற்காக நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியிருக்கிறேன். வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் இலவசச் சரிபார்ப்பான் இருக்கிறது, பக்கத்தைக் கொடுத்தால் எந்த வரியில் எது மூடவில்லை என்று சொல்லிவிடும். எந்த வழியில் போனாலும் அதைப் பயன்படுத்துங்கள் அக்கா.

தறிக்காரர்

தம்பி, அதை மறுக்கவில்லை. புதிதாக ஒரு பக்கம் போட்டுவிட்டு மறந்துவிடுவதென்றால் விஷுவல் எடிட்டர் போதும். என் கவலை வேறு. ஃப்ரண்ட்பேஜ் என்ற விஷுவல் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் 1996-இல் வாங்கியது, 2003 பதிப்போடு அது நின்றது, பிறகு வந்த எக்ஸ்பிரஷன் வெப்பும் 2012-க்குப் பிறகு வளரவில்லை. நெட்ஸ்கேப் கம்போசரின் வழியில் என்வியூ, அதிலிருந்து கொம்போசர், அப்புறம் புளூகிரிஃபான் என்று கைமாறிக்கொண்டே வந்தது. இவற்றில் செய்த பக்கங்கள் இன்றைக்கும் திறக்கின்றன, செய்த கருவிகள்தான் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சகோதரி இந்தத் தளத்தை இன்னும் இருபது வருடம் வைத்திருக்க நினைக்கிறார். எந்தக் கணினியிலும் எந்தச் சாதாரண எடிட்டரிலும் திறந்து திருத்தும்படி கோப்பு இருந்தால்தான் அது நடக்கும்.

கண்மாய்க்கரை

நகல் எடுத்துவிட்டேன். 'கொழு' பக்கத்தை அச்சாக வைத்து நேற்று முழுதும் எழுதினேன், போனில் நன்றாகத் தெரிகிறது! ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, கணினியில் ஏற்கெனவே இருந்த சாதாரண எடிட்டரில் 'வடம்' பக்கத்தைச் சேமித்து மறுபடி திறந்தால் தமிழ் முழுக்க ????? என்று கேள்விக்குறியாகிவிட்டது. இரண்டு, 'கொழு' தலைப்பில் அப்பா முதல் எழுத்தை மட்டும் சிவப்பாக்கியிருப்பார். அந்த வரியை மட்டும் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். கணினியில் சரியாக இருக்கிறது, தங்கையின் போனில் 'க' தனியாகவும், பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றும் வருகிறது.

ஒற்றைவரி

அக்கா, கேள்விக்குறி ஆனது திரும்பாது, அதை மறுபடி சேமிக்காதீர்கள், நகலிலிருந்து எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். பழைய விண்டோஸின் நோட்பேட் வழக்கமாகத் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி குறியாக்கத்தில்தான் சேமிக்கும். சில எழுத்துகள் இழக்கப்படும் என்று எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்திருக்கும், சரி என்று அழுத்தியிருப்பீர்கள். சேமிக்கும் பெட்டியின் கீழே குறியாக்கம் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் யூடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடிலேயே அது இயல்பாகிவிட்டது. நோட்பேட்++ அல்லது விஷுவல் ஸ்டுடியோ கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, இரண்டும் இலவசம். டேகுகளுக்கு நிறம் காட்டும், எது மூடவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

தறிக்காரர்

இரண்டாவது சிக்கலுக்குக் கோடைத் திறந்து பாருங்கள். சிவப்பு நிறத்துக்கான ஸ்பேன் டேக் 'க' என்பதோடு மூடியிருக்கும், ஒகரக் குறி டேகுக்கு வெளியே நிற்கும். நமக்குக் 'கொ' ஒரே எழுத்து. யூனிகோடில் அது 'க' ஒன்று, அதற்குப் பின்னால் ஒகரக் குறி ஒன்று. அன்றைய எடிட்டர் முதல் எழுத்து என்று முதல் குறியை மட்டும் பிடித்திருக்கிறது. இடையில் டேக் வந்து, இரண்டு பக்கமும் எழுத்துரு வேறாகிவிட்டால், குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தோடு நிற்கும். முழுக் 'கொ'வையும் ஸ்பேனுக்குள் கொண்டுவாருங்கள், எழுத்துருப் பெயர் உள்ளே தனியாகக் கொடுத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். விஷுவல் எடிட்டரில் கர்சரை அந்த இடத்தில் நிறுத்துவது கஷ்டம், கோடில் ஒரு நொடி வேலை.

கண்மாய்க்கரை

வட்டம் போய்விட்டது, மிக்க நன்றி ஐயா. கேள்விக்குறிப் பக்கத்தையும் மீட்டுவிட்டேன். 31-ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் முப்பது பக்கமும் எண்களாகவே இருந்தன. 31-இலிருந்து கோடில் நேரடியாகத் தமிழ் எழுத்துதான். அட்டவணையும் இல்லை, ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி விட்டு, நோட்டில் எழுதுவது போலவே எழுதியிருக்கிறார். அப்பா கடைசிப் பக்கங்களைக் கையால்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதில் 'குமிழி மடை' பக்கத்தின் நடுவே இப்படி ஒன்று இருக்கிறது:

<!-- இது இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மடை பார்த்தவர் யாரையாவது கேட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும். -->

உலாவியில் இது தெரியவில்லை. இத்தனை வருடமாக நான் பார்த்ததே இல்லை. இது என்ன, நீக்கிவிட வேண்டுமா?

தறிக்காரர்

நீக்கவே நீக்காதீர்கள் சகோதரி. அது குறிப்புரை, அந்த இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் எழுதுவதை உலாவி திரையில் காட்டாது. எழுதியவர் தனக்காக வைத்துக்கொள்வது. விஷுவல் எடிட்டரின் சாதாரணப் பார்வையில் திறந்திருந்தால் உங்கள் கண்ணிலும் பட்டிருக்காது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி <!-- என்று தேடுங்கள். எல்லாக் கோப்பிலும் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரே பட்டியலாக வரும். நகல் வைத்த ஃபோல்டரில் தேடுங்கள் (தேட மட்டும்தான், அதில் எதையும் திருத்திச் சேமிக்க வேண்டாம்), நீங்கள் ஒட்டி எழுதிய பக்கங்களில் விடுபட்டிருக்கும்.

கண்மாய்க்கரை

தேடினேன். எடிட்டர் தானாகப் போட்டவை போக, அப்பா எழுதியது 17 இடத்தில் இருக்கிறது. எல்லாம் 31-க்குப் பிறகுதான். பாதிக்கு மேல் 'இன்னும் ஒருவரிடம் கேட்க வேண்டும்' என்பதுதான். எதையும் எடுக்காமல் புதுக் கோப்பிலும் அதே இடத்தில் வைத்துவிட்டேன். எங்கள் கண்மாயில் மடை பார்த்த தாத்தா ஒருவர் இன்னும் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன்.