காய்ந்ததும் களிமண்ணாகிவிடும் அல்வா

நெல்லைச் சீமைத் தின்பண்டங்களை ஊர் ஊராகப் போய் நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறேன். உடன்குடிக் கருப்பட்டி இரண்டே அமர்வில் முடிந்தது. அல்வாவில் மாட்டிக்கொண்டேன்.

தாள் ஈரமாக இருக்கும்வரை வாழையிலைத் துண்டில் நெய் கசியும் அல்வாவேதான். காய்ந்ததும் களிமண். அம்மா பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழமா?" என்றாள்.

கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கிண்டக் கிண்ட இறுகி, கண்ணாடிபோல் ஆகிறதே, அந்த உள்வெளிச்சம்தான் எனக்கு வேண்டும். பளபளப்புக்காக மேலே வைக்கும் வெள்ளைப் பொட்டு அல்ல.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள், சொரசொரப்பு ரகம். டியூப் வண்ணங்கள்: ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரைன் (அடர் நீலம்). மாலையில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நின்று பென்சில் குறிப்பு எடுத்து, வீட்டில் வண்ணம் தீட்டுகிறேன். மூன்று வாரத்தில் பதினோரு தாள் வீண். (அல்வா வீணாகவில்லை.)

வண்ணம் ஒட்டாமல் தடுக்கும் மாஸ்கிங் திரவம் தடவி வெளிச்சப் பகுதியைக் காத்தேன். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. வெள்ளை கோவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) சுண்ணாம்பாகத் தெரிந்தது. கம் அரபிக் என்ற பிசினைச் சேர்த்ததில் மினுமினுப்பு வந்தது, ஆழம் வரவில்லை. அடுக்கடுக்காக ஆறு முறை பூசியதுதான் படுமோசம். நான்காவது பூச்சிலேயே கலங்கிவிட்டது.

நான்கு பூச்சுக்குள் அந்த உள்வெளிச்சம் வர, எந்த வண்ணத்தை அடியில் போட்டு, எதை மேலே பூச வேண்டும்?