ஒரு நாளைக்கு இத்தினை மீன் தான் எண்ட லிமிட் முடிஞ்ச பிறகும் தூண்டில் போட்டனீங்களோ? நடந்ததைச் சொல்லுங்கோ

சிம்கோ தூண்டில்:
போன மாசி மாசம் நானும் மச்சானும் கனடாவில ஒன்டாரியோவில இருக்கிற சிம்கோ ஏரிக்கு ஐஸ் மேல நிண்டு பேர்ச் மீன் பிடிக்கப் போனனாங்கள், ஸ்கார்பரோவில இருந்து விடிய நாலு மணிக்கே வெளிக்கிட்டது. என்னட்ட ஸ்போர்ட் லைசன்ஸ், ஒரு நாளைக்குப் பேர்ச் 50. மச்சான் எடுத்தது கன்சர்வேஷன் லைசன்ஸ், விலை குறைவு ஆனா 25 தான். அண்டைக்கெண்டு மீன் அள்ளிக் குடுத்தது, பத்தரைக்கே மச்சான்ர 25 முடிஞ்சுது. "அத்தான், உங்கட வாளியில இடம் கிடக்குத்தானே, நான் பிடிக்கிறதை அதுக்குள்ள போடுவம்" எண்டு கேட்டவர், எனக்கும் அது பிழையாத் தெரியேல்ல.

அந்த நேரம் பார்த்து மீன்பிடிச் சட்டம் பாக்கிற கன்சர்வேஷன் ஒபீசர் ஸ்னோமொபைல்ல வந்திட்டார். லைசன்ஸ் பாத்து, ரெண்டு வாளியையும் ஐஸில கொட்டி ஒண்டொண்டா எண்ணினார். வாளிக் கதையைக் கேக்க, ஆர் பிடிச்சதோ அவற்ற கணக்கில தான் மீன் சேரும், இன்னொராளுக்குக் குடுத்தாலும் அங்கயே சுட்டுச் சாப்பிட்டாலும் குறையாது எண்டு பொறுமையாச் சொன்னார். பிறகு கேட்டார் பாருங்கோ, வீட்டு ப்ரீசருக்குள்ள எத்தினை கிடக்கு எண்டு. எனக்குப் பக்கெண்டு போச்சு. போன ஞாயிறு பிடிச்சதில 18 கிடந்தது. கையில வச்சிருக்கக்கூடிய மொத்தமும் ஒரு நாள் லிமிட் தானாம், ப்ரீசரும் அதுக்குள்ள அடக்கம். வாளியில 29, அப்ப இன்னும் மூண்டு தான் எடுக்கலாம். இத்தினை வருசமா இது தெரியாமலே இருந்திருக்கிறன்.

மச்சான் இனியும் தூண்டில் போடலாமோ எண்டு கேட்டதுக்கு, போடலாம், ஆனா வந்த மீனை அந்தக் கையோட தண்ணியில விடோணும் எண்டார். அவரும் போட்டார். 35 அடி ஆழத்தில இருந்து வந்த மீன், வயிறு ஊதி கண் ரெண்டும் வெளிய தள்ளிக்கொண்டு இருந்தது. ஓட்டைக்குள்ள விட்டா கீழ போகுதில்லை, மல்லாந்தபடி செவுளை மட்டும் அசைச்சுக்கொண்டு மிதக்குது, விரலால தள்ளினாலும் திரும்ப மேல வருது. மூண்டு மீன் அப்பிடி. நாலாவதுக்கு மச்சான் நூலைச் சுத்தி வச்சிட்டு பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊத்தினார். ஆழத்தில பிடிக்கிறதெண்டா லிமிட்டோட நிப்பாட்டுறது தான் சரி எண்டு நான் நினைக்கிறன், சட்டம் விட்டாலும்.

மெல்பன் அண்ணை:
தம்பி, இஞ்ச மெல்பனில போர்ட் பிலிப் குடாவில ஸ்னாப்பர் மீன் ஆளுக்கு 10, ஆனா 40 சென்றிமீற்றரும் அதுக்கு மேலயும் மூண்டு தான், 28க்குக் குறைஞ்சா தொடவே ஏலாது. கார்த்திகையில மூண்டு பெருசு பெட்டிக்குள்ள போட்டாச்சு, நாலாவதா அறுவது சென்றிமீற்றர் ஒண்டு ஏறுது. மகன் சொல்லுறான், அப்பா பெட்டியில இருக்கிறதுகளில சின்னதை எறிஞ்சுபோட்டு இதை வைப்பம் எண்டு. அது செத்துப் போச்சு ராசா, அதைக் கடல்ல எறியிறது அநியாயம் எண்டன். வந்தது தூண்டிலை நல்லா விழுங்கியிருந்தது, இழுத்தா குடல் கிழியும் எண்டு நூலை வாயடியில வெட்டி விட்டனான், மெல்ல வாலை அடிச்சுக்கொண்டு கீழ போச்சுது. அதுக்குப் பிறகு சேர்க்கிள் ஹூக் எண்ட வட்டமா வளைஞ்ச தூண்டில் தான் பாவிக்கிறன், அது அநேகமா வாய் ஓரத்தில தான் மாட்டும்.

அஜாக்ஸ் படகு:
அண்ணையின்ர மகன் கேட்ட மாதிரி சின்னதை விட்டிட்டுப் பெருசை மாத்தி வைக்க ஒன்டாரியோவில ஒரு வழி இருக்கு, பாஸ், வால்ஐ, பைக் எண்ட மீனுகளுக்கு மட்டும். படகோட சேர்ந்த, காத்து அடிக்கிற, 46 லீற்றருக்குக் குறையாத தண்ணித் தொட்டி வேணும், மீன் உசிரோட இருக்கோணும், எந்த நேரமும் லிமிட்டுக்கு மேல தொட்டிக்குள்ள இருக்கக் கூடாது. பேர்ச்சுக்கு இது இல்லை. இன்னொண்டு, ஏரிக்கரையில மீனை வெட்டித் துண்டாக்கிக்கொண்டு வாறாக்கள் ஒவ்வொரு துண்டிலயும் கொஞ்சம் தோலை விடுங்கோ. என்ன மீன், எத்தினை எண்டு ஒபீசர் பாத்துச் சொல்லக்கூடியதா இருக்கோணும். நான் முழுத்தோலையும் உரிச்சு ஒரே பையில போட்டு ஐஸில வச்சு, வரேக்க ஒபீசர் மறிச்சு, முக்கால் மணித்தியாலம் றோட்டோரம் நிண்டனான்.