ராஜாவின் கல்யாணிப் பாட்டுகள்: கீபோர்டில் சங்கராபரணமாக வருவது ஏன்?

கட்டைதேடி:
இளையராஜா பாட்டுகளில் மனசுக்கு நெருக்கமானதை எல்லாம் ராகவாரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணி ராகத்தில் இப்போதைக்கு நான்கு: ‘ஜனனி ஜனனி’ (தாய் மூகாம்பிகை, 1982), ‘கலைவாணியே’ (சிந்து பைரவி, 1985), ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ (தளபதி, 1991), ‘அம்மா என்றழைக்காத’ (மன்னன், 1992). ஒவ்வொன்றையும் கீபோர்டில் வாசித்துப் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்கிறேன். மூன்று இடத்தில் முட்டுகிறது.

‘சுந்தரி’யின் ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் எனக்குச் சங்கராபரணம் என்ற வேறு ராகம்தான் வருகிறது. ‘கலைவாணியே’யில் ஸ்வரங்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் மற்ற பாட்டுகளில் பழகிய கல்யாணிப் பிடி (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடர்) ஒன்றுகூட இதில் உட்கார மாட்டேன் என்கிறது. ‘ஜனனி’ என்னிடம் இருக்கும் கோப்பில் இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கிறது. எந்தக் கட்டையிலும் சேரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

மத்யமம்:
முதல் கேள்விக்குப் பதில் சின்னது: உங்கள் ஸ்வரங்கள் தப்பில்லை, ஸட்ஜம்தான் (ஸ, பாட்டின் ஆதார ஸ்வரம்) தப்பு. நீங்கள் பஞ்சமத்தை (ப) ஸட்ஜமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றாம் கட்டையை (C) ஸ என்று வைத்துக் கல்யாணி வாசித்துப் பாருங்கள். (C முதல் B வரை வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு; நடுவில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.) ஆறு வெள்ளைக் கட்டை, கறுப்பில் நாலரை மட்டும். அந்த நாலரைதான் ம2, அதாவது மேல் மத்யமம். இப்போது அதே ஏழு கட்டைகளை ஐந்தாம் கட்டையிலிருந்து தொடங்கி வாசியுங்கள். அச்சு அசல் சங்கராபரணம். இரண்டாம் கட்டையிலிருந்து தொடங்கினால் ஹரிகாம்போதி, மூன்றிலிருந்து நடபைரவி. கிரக பேதம் என்று சொல்வது இதைத்தான்.

ராஜாவின் பாட்டில் இந்தத் தப்பு நேர ஒரு தனிக் காரணம் உண்டு. கச்சேரியில் தம்புரா ஸட்ஜத்தைக் காதிலேயே நிறுத்திவைக்கும். சினிமாப் பாட்டில் அந்த வேலையைப் பேஸும் (கீழ்ஸ்தாயி ஒலி) கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) செய்கின்றன. கல்யாணியின் ஸ்வரங்களை வைத்து ரிஷபத்தின் (ரி) மேல் கார்டு கட்டினால் (ரி, ம2, த) அது மேஜர் கார்டாக அமையும். அந்தக் கார்டு பஞ்சமத்தை நோக்கி இழுக்கும். காதும் ‘வீடு அங்கேதான்’ என்று நம்பிவிடும். ‘சுந்தரி’யின் இடையிசையில் தந்திக் கருவிகள் பெரும் படையாக எழும்போது ஏமாறாமல் இருப்பது கடினம். அதனால் இடையிசையை வைத்து ஸட்ஜம் தேடாதீர்கள். பல்லவியைப் பாடி முடித்து எஸ்.பி.பி.யோ ஜானகியோ எந்த ஸ்வரத்தில் வந்து இளைப்பாறுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஸ்வரத்தைத் தம்புரா செயலியில் ஓடவிட்டு மேலே பாட்டை ஒலிக்க விடுங்கள். சரியான ஸட்ஜமென்றால் பல்லவி முழுக்கப் பொருந்தும். பஞ்சமத்தைப் பிடித்திருந்தால், வரி முடிகிற இடமெல்லாம் தொங்கலாக நிற்கும்.

ஆரோகணப்பித்தன்:
‘கலைவாணியே’ பற்றி நான் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை ராஜாவின் கல்யாணிகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்தப் பாட்டில் அவரோகணமே (ஸ்வரங்கள் படிப்படியாக இறங்குவது) கிடையாது. முழுப் பாட்டும் ஆரோகணத்தில் (ஏறுவதில்) மட்டும் அமைத்தது. உங்கள் கை தடுமாறுவது அதனால்தான். நமக்குப் பழகிய கல்யாணிப் பிடிகளில் பாதிக்குமேல் இறங்குகிற பிடிகள்: ஸ நி த ப, ப ம க ரி. பாட்டில் அவை வராது. மேலே போன குரல் கீழே வரவேண்டுமென்றால் படிப்படியாக இறங்காமல் ஒரே தாவலாகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கும். ஒரு வரியை எடுத்து ஸ்வரப்படுத்திப் பாருங்கள். இறக்கம் எதுவும் அடுத்தடுத்த ஸ்வரமாக இருக்காது, இடைவெளி விட்டுத்தான் இருக்கும்.

வாசிக்கும்போது வழக்கமாக நேரும் தப்பு: அந்தத் தாவலை நிரப்பப் போய், நடுவில் இருக்கும் ஸ்வரங்களை விரல் தானாகத் தொட்டுவிடும். அழகுக்காகச் சேர்க்கும் அந்த ஒரு ‘ஸ நி த’ பாட்டின் கட்டுமானத்தையே கலைத்துவிடும். வேகத்தைப் பாதியாக்கி, ஏறும் துண்டுகளைத் தனித்தனியாகப் பழகுங்கள். துண்டு முடிந்ததும் கையைத் தூக்கி அடுத்ததன் முதல் ஸ்வரத்தில் வையுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருந்தால் இந்தப் பாட்டுக்கு அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏற்றம் மட்டுமே உள்ள பாட்டு செயற்கையாக ஒலித்திருக்க வேண்டும். யேசுதாஸ் பாடும்போது யாரும் குறையாக உணர்வதில்லை. ‘அழைத்தேன்’ என்று கூப்பிடுகிற பாட்டுக்கு மேல்நோக்கிப் போகிற இசை இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

அதே படத்தில் ‘பாடறியேன் படிப்பறியேன்’ உங்கள் சாரமதி ராகப் பட்டியலுக்கு. நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேரும். தியாகராஜர் கீர்த்தனை காம்போதி ராகம்; ராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். பழைய காம்போதிப் பாடாந்தரத்தை (பாடும் முறையை) மனசில் வைத்துக்கொண்டு வாசித்தால் க3 (மேல் காந்தாரம்) வந்து இடிக்கும். சாரமதிக்கு க2தான் (கீழ் காந்தாரம்).

நாடாக்காரன்:
மூணாவது கேள்விக்கு வர்றேன். ‘ஜனனி’ கோப்பு அப்படி இருக்கிறதுக்கு நாடா வேகம்தான் பெரும்பாலும் காரணம். கேசட்டிலிருந்து கணினிக்கு ஏத்தும்போது டெக் மோட்டார் கொஞ்சம் வேகமா ஓடினா சுருதி ஏறும், மெதுவா ஓடினா இறங்கும். அரைக் கட்டை (ஒரு கட்டைக்கும் அதுக்கு அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்) ஏற வேகம் சுமார் 6 சதவீதம் கூடினாலே போதும். உங்களுக்கு அதுல பாதி, சுமார் 3 சதவீதம் பிசகியிருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி நேரம். ஒரே பாட்டோட ரெண்டு மூணு கோப்பைப் பக்கத்துல வெச்சு, முதல் ஸ்வரத்துலேர்ந்து கடைசி ஸ்வரம் வரைக்கும் நொடி எண்ணுங்க. முன்னாடி பின்னாடி இருக்கிற மௌனத்தைச் சேர்க்காதீங்க. 4 நிமிஷம் 30 நொடி ஓடவேண்டிய பாட்டு 4:15க்கு முடிஞ்சா அரைக் கட்டை ஏறியிருக்குன்னு அர்த்தம். 4:22ன்னா கால் கட்டை.

சரிசெய்ய ரெண்டு வழி. கோப்போட வேகத்தை மாத்துங்க (சுருதியை மட்டும் மாத்தி வேகத்தை அப்படியே வைக்கிற வசதியைத் தொடாதீங்க, தாளம் வேகமாவே நின்னுபோயிடும்). இல்லேன்னா கீபோர்டை நகர்த்துங்க: பொது சுருதியை (master tuning, ஹெர்ட்ஸ் கணக்கு) 440லேர்ந்து 453க்கு ஏத்தினா கால் கட்டை ஏறும், 427.5க்கு இறக்கினா கால் கட்டை இறங்கும். வாசிச்சு முடிச்சதும் மறக்காம 440க்குத் திருப்பிடுங்க.

இன்னொண்ணு, போன் ஸ்பீக்கர்ல கேட்டு ஸட்ஜம் தேடாதீங்க. பேஸ் கிட்டாரோட தடிமனான தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால அதைத் தரவே முடியாது. ராஜா பாட்டுல பேஸ் இல்லாம கேக்கறது பாதிப் பாட்டை விட்டுட்டுக் கேக்கற மாதிரி. ஒயர் போட்ட ஹெட்போன் போதும். ‘பூமாலையே தோள் சேரவா’ (பகல் நிலவு, 1985) கேளுங்க: ராஜா குரலும் ஜானகி குரலும் ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு நுழையும். முதல் தடவை ராஜாவை மட்டும், ரெண்டாவது தடவை ஜானகியை மட்டும், மூணாவது தடவை பேஸை மட்டும் பின்தொடருங்க. அப்புறம்தான் அந்தப் பாட்டு முழுசா பிடிபடும்.

கட்டைதேடி:
மத்யமம் அவர்களே, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. தம்புராவில் வைத்தவுடன் வரி முடிவுகள் தொங்கின. நான்கு ஸ்வரம் தள்ளி வைத்தேன், நான் நி என்று வைத்திருந்த கட்டை ம2 ஆகிவிட்டது. ‘ஜனனி’யும் பொது சுருதியை மாற்றியதும் சேர்ந்துவிட்டது. அடுத்து ஐந்து ஸ்வர ராகங்கள் எடுக்கப்போகிறேன். அங்கேயும் இந்தக் குழப்பம் வருமா?

மத்யமம்:
இன்னும் அதிகமாக வரும். கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை ஸட்ஜமானால் மோகனம், இரண்டரை என்றால் சுத்த தன்யாசி, ஆறரை என்றால் ஹிந்தோளம். மீதி இரண்டில் ஐந்தரை மத்யமாவதி, ஒன்றரை சுத்த சாவேரி. கட்டைகள் மாறுவதில்லை, ஸட்ஜம் மட்டும்தான் மாறுகிறது.

அதனால் முதல் மூன்றையும் அடுத்தடுத்து கேளுங்கள்: மோகனத்துக்கு ‘நின்னுக்கோரி வரணும்’ (அக்னி நட்சத்திரம், 1988), சுத்த தன்யாசிக்கு ‘மாலையில் யாரோ’ (சத்ரியன், 1990), ஹிந்தோளத்துக்கு ‘நான் தேடும் செவ்வந்திப் பூவிது’ (தர்மபத்தினி, 1986). ஸ்வர்ணலதாவின் ‘மாலையில் யாரோ’வை இரண்டரையில் ஸட்ஜம் வைத்து முதலில் எடுங்கள், பல்லவி மெதுவாகப் போகும், இளைப்பாறும் இடம் தெளிவாகக் கேட்கும்.

ஆரோகணப்பித்தன்:
ரீதிகௌளை ராகப் பட்டியல் தொடங்கினால் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ (கவிக்குயில், 1977), ‘தலையைக் குனியும் தாமரையே’ (ஒரு ஓடை நதியாகிறது, 1983) இரண்டும் கட்டாயம். முதலாவதில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ ரி க ம என்று நேராக ஏறாதீர்கள். ‘ஸ க ரி க ம’ என்று வளைந்துதான் ஏறவேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் கரகரப்பிரியா ராகம் எட்டிப்பார்க்கும். ‘கண்கள் இரண்டால்’ ராஜா பட்டியலில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராகம் ரீதிகௌளைதான், இசை ஜேம்ஸ் வசந்தன்.