பாண்டும் பாண் ஓட்டோவும்: பிள்ளையளின்ர ரொக் பாண்டை வைச்சு மொக்யுமென்டரி, அனுபவப் பகிர்வு

தொடக்கி வைக்கிறவர்:

மார்கழி லீவில கிளிநொச்சிப் பக்கம் 25 நிமிச மொக்யுமென்டரி ஒண்டுக்கு ஆயத்தம் நடக்குது. நேர்காணல், பின்னணிக் குரல், ஆடுற கமரா எல்லாம் மெய்யான ஆவணப்படம் மாதிரியே இருக்கும். கதை மட்டும் கற்பனை. 8 தொடக்கம் 12 வயது வரை ஐஞ்சு பிள்ளையள், ஒரு ரொக் பாண்ட். இப்பிடியான வேலையில நிண்டாக்கள் எது பிழைக்கும், ஏன் பிழைக்கும் எண்டதை அளவு கணக்கோட எழுதுங்கோ. தன் புராணம் வேண்டாம்.

எழுத்துப் பக்கம்:

பகிடி ஆரின்ர தலையில விழப்போகுது எண்டதை முதல்ல முடிவெடுங்கோ. பிள்ளையளின்ர தலையில விழுந்தா பத்து நிமிசம் கூடத் தாங்காது. சரியா வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பாத்துப் பெரியாக்கள் சிரிக்கிற படமாப் போயிடும். பிள்ளையள் தங்கட பாண்டைச் சத்தியமா நம்போணும். படம் எடுக்க வாறவைதான் எல்லாத்தையும் பிழையா விளங்கோணும்.

அதுக்கு வன்னியில ஆயத்தமாக் கிடக்கிற பாத்திரம் ஆவணப்படக்காரர்தான். 2009இல போர் முடிஞ்ச பிறகு இந்தப் பக்கம் கமராவோட வந்து போன ஆக்களுக்குக் கணக்கில்லை. கேள்வி மட்டும் ஒண்டுதான். இண்டைக்குப் பத்து வயதுப் பிள்ளை பிறந்ததே அந்த வருசத்துக்குப் பிறகு. அப்ப காட்சி இப்பிடி அமையும்:

இயக்குநர், குரலைத் தாழ்த்தி: "தம்பி, இந்த மண்ணில நீங்கள் இழந்தது என்ன?"

பெடியன் கன நேரம் யோசிச்சிட்டு: "ட்ரம்ஸ் தடி ஒண்டு. தங்கச்சி அதால புளியங்காய் அடிச்சவா."

இயக்குநர் தலையைக் குனிஞ்சு கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். கமரா அந்தக் கையிலயே நிக்குது.

பதிலை முதலே மனசில எழுதிக்கொண்டு வந்தவரைப் பாத்துத்தான் சனம் சிரிக்கோணும். கோடு ஒரு விரல் தள்ளினாலும், ஊரில மெய்யா இழந்தவையைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஆகிடும். அதால இந்தக் காட்சியைப் பெற்றோருக்கு முதலே வாசிச்சுக் காட்டுங்கோ. ஒருவர் முகம் சுளிச்சாலும் வெட்டுங்கோ.

வசனம் எழுதிக் குடுக்காதேங்கோ. குடுத்தா என்ன நடக்கும் தெரியுமோ? பிள்ளை நிமிர்ந்து நிண்டு, கை ரெண்டையும் தொடையோட ஒட்டி, தமிழ்த்தினப் போட்டிக் குரலில தொடங்கும். அந்தக் குரல் ஒருக்கா ஏறினா அண்டைக்கு இறங்காது. அதுக்குப் பதிலா 14 அட்டை எழுதுங்கோ, ஒரு காட்சிக்கு ஒண்டு. ஒவ்வொண்டிலயும் மூண்டு வரி: பிள்ளைக்கு என்ன வேணும், எது தடுக்குது, எந்தப் பெரியாள் எதை மறைக்கிறார். பிள்ளைக்கு முதல் வரி மட்டும் தெரிஞ்சாப் போதும்.

நேர்காணலைச் சும்மா கதிரையில இருத்தி எடுக்க வேண்டாம். கச்சான் உடைக்கேக்க, கிற்றார் கம்பி மாத்தேக்க கேளுங்கோ. முதல் பத்து நிமிசத்தை எறியிறதுக்கெண்டே எடுக்கோணும். "ஓம்", "இல்லை" எண்டு ஒற்றைச் சொல்லில மறுமொழி வந்தா வெட்டித் தொகுக்கேலாது. "கேள்வியையும் சேத்துச் சொல்லுங்கோ" எண்டு ஒரு விளையாட்டாப் பழக்கினா அரை மணித்தியாலத்தில பிடிச்சிடுவினம்.

பின்னணிக் குரல் பழைய வானொலிச் செய்தித் தமிழில, துளியும் சிரிக்காமல் வரோணும். "இக்குழுவினர் கடும் பயிற்சியில் ஈடுபட்டுள்ளனர்" எண்டு குரல் சொல்லுது, படத்தில நாலு பேர் ஒரு ஓணானைக் கலைக்கினம். குரலும் சேந்து பகிடி விட்டா எல்லாம் போச்சு.

கமரா:

இஞ்ச கமரா தூக்கிற பெடியள் எல்லாரும் கலியாண வீடு, சாமத்திய வீட்டு வேலையால வந்தவை. கை நல்ல கை, பழக்கம்தான் இடைஞ்சல். கிம்பலை, அதுதான் கமரா ஆடாமல் பிடிக்கிற கருவியை, கழட்டி வீட்டில வையுங்கோ. வழுக்கிக்கொண்டு போற படத்தைப் பாத்தவுடன சனம் கலியாண அல்பம் எண்டு நினைக்கும். ட்ரோனும் வேண்டாம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி இல்லாமல் ஏத்தவும் கூடாது.

கமரா எப்பவும் அரைச் செக்கன் பிந்தோணும். பிள்ளை கதைக்கத் தொடங்கின பிறகுதான் திரும்பிறது, திரும்பினாப் பிறகுதான் சூம். முந்தியே முகத்தில போய் நிண்டா, இது ஒழுங்கு பண்ணினது எண்டு பாக்கிறவருக்கு விளங்கிடும். கமராக்காரருக்கு அட்டையைக் காட்டாமல் விட்டா இது தானா நடக்கும். ரெண்டாவது கமரா, கதைக்காத பிள்ளையில நிக்கட்டும். நல்ல துண்டுகள் முக்கால்வாசி அதுக்குள்ளதான் கிடக்கும்.

லென்ஸ் உயரம்: கதிரையில இருக்கிற பத்து வயதுப் பிள்ளையின்ர கண் நிலத்தில இருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர். ட்ரைபொட்டைப் பெரியாள் நிக்கிற உயரத்தில விட்டா, மேல இருந்து பாத்து பிள்ளையைச் சின்னனாக்கிப் போடும். எழுத்துப் பக்கம் சொன்ன பிழை வசனமே இல்லாமல் வந்திடும்.

செக்கனுக்கு 25 படம், ஷட்டர் 1/50. போன் தானா 30இல நிக்கும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதால ரியூப் லைற்றுக்குக் கீழ கறுப்புப் பட்டி ஓடும். எடுத்தாப் பிறகு திருத்திறது பெரும் பாடு. வெள்ளைச் சீருடையில வெயில் பட்டா வெளுத்துப் போகும், கொஞ்சம் இருட்டா வைச்சு வெளிச்ச அளவை லொக் பண்ணுங்கோ. லென்ஸைப் பாத்து முழிக்கிறதுக்கு ஐஞ்சு பேரில ஒருவருக்கு மட்டும் விடுங்கோ. எல்லாரும் பாத்தா அந்தப் பார்வைக்கு விலை இல்லை.

ஒலி வேலை:

மார்கழி எண்டதை ஒருக்கா மறுபடி யோசியுங்கோ. தகரக் கூரையில மழை விழுந்தா ஒரு சொல்லும் எடுக்கேலாது. ஆவணிக்குத் தள்ளினா மழை இல்லை, ஆனா சோளகக் காத்து அடிக்கும். மைக்குக்குப் பஞ்சு மட்டும் காணாது, முடி வைச்ச கவர் வேணும், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ வாற இரைச்சலையும் வெட்டோணும். தகரம் வெயில் ஏற ஏற "டிக் டிக்" எண்டு விரியும், உள்ள நேர்காணலைக் காலமை 10 மணிக்கு முன்னம் முடிச்சிடுங்கோ.

பாண்ட் பழகிற இடத்துக்குச் சீமெந்து மண்டபத்தை எடுக்காதேங்கோ. ட்ரம்ஸ் அடிச்சா எதிரொலி சொல்லை விழுங்கும். கிடுகு வேய்ஞ்ச கொட்டில் கிடைச்சா அதுதான் ஸ்ரூடியோ: ஓலை சத்தத்தைக் குடிக்கும், மண் தரையும் குடிக்கும். கட்டாயம் மண்டபம்தான் எண்டால் மூண்டு சுவருக்குப் பாய், சாக்கு தூக்குங்கோ, மூலையளை விடாமல்.

சட்டை மைக்கைப் பருத்திப் பெனியனில, வாய்க்கு ஒரு சாண் கீழ ஒட்டுங்கோ. விளையாட்டுப் போட்டி ரீசேட் துணி உரசி "கரகர" எண்டும். ரெக்கோடர் மீற்றரில பெரியாக்களுக்கு உச்சம் மைனஸ் 12 டெசிபல் வைக்கிறதெண்டா பிள்ளையளுக்கு மைனஸ் 18. அவை எப்ப கத்துவினம் எண்டு அவைக்கே தெரியாது. சத்தம் மிஞ்சினாலும் உடையாமல் பதியிற 32-பிற் ஃப்ளோட் ரெக்கோடர் இருந்தா இந்தப் பயம் குறையும். ஒவ்வொரு இடத்திலயும் ஒருவரும் கதைக்காமல் ஒரு நிமிசம் வெறும் சத்தம் எடுங்கோ. மயில் அகவினாலும் பரவாயில்லை, அது அந்த இடத்தின்ர சத்தம்தான்.

சின்ன அறைக்குள்ள ட்ரம்ஸ் 100 டெசிபலை லேசாத் தாண்டும். அந்தச் சத்தத்தில ஒரு நாளைக்கு 15 நிமிசம்தான் பாதுகாப்பு எண்டு வேலைத்தளக் கணக்கு சொல்லுது, அதுவும் வளந்த ஆக்களுக்கு. அடிக்கிற பிள்ளைக்குக் காதுமூடி இல்லாமல் ஒத்திகை வைக்காதேங்கோ. காதுமூடி போட்ட பிள்ளை படத்தில வடிவாத்தான் இருக்கும்.

கோயில் குழாய் ஸ்பீக்கர், கோச்சி, ஏ9 வீதி பஸ் ஹோர்ன் எல்லாத்துக்கும் ஒத்திப்போடலாம். பாண் விக்க வாற ஓட்டோவுக்கு மட்டும் ஒத்திப்போடாதேங்கோ. பின்னேரம் அது பீத்தோவனின்ர "ஃபூர் எலீஸ்" மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வரும். பாட்டு நடக்கேக்க அது படலையடியில வந்து நிண்டா, கீபோட்காரி தன்னை அறியாமல் அந்த மெட்டுக்குப் போயிடுவா, ட்ரம்ஸ்காரன் ஒரு எட்டுத் தட்டுக்குள்ள பின்னால போவான், பாடகர் மாலுபாண் வாங்க ஓடுவார். ரெக்கோடரை நிப்பாட்டாமல் விடுங்கோ. பீத்தோவன் செத்தது 1827இல, மெட்டுக்கு உரிமைச் சிக்கலும் இல்லை. வன்னியில ஒரு ரொக் பாண்டுக்குப் போட்டிக் குழு எண்டா அந்த ஓட்டோதான்.

கிற்றார் படிப்பிக்கிறவர்:

சரக்கு இல்லாமல் நடிப்பை மட்டும் வைச்சு இது சரிவராது. பிள்ளையள் மெய்யா வாசிக்கோணும், மோசமா எண்டாலும். பொலி டிரேப்பர் எழுதி இயக்கின "நேக்கட் பிரதர்ஸ் பாண்ட்" (2005) எண்ட பிள்ளையள் ரொக் பாண்ட் மொக்யுமென்டரியைப் பாருங்கோ: அவவின்ர சொந்த மக்கள் நாட் வுல்ஃப், அலெக்ஸ் வுல்ஃப் தாங்களாவே வருகினம், பாட்டுகளும் அந்தப் பெடியளின்ர. தகப்பன் மைக்கல் வுல்ஃப் மெய்யில ஜாஸ் பியானோக்காரர். படத்தில அக்கோடியனோட திரிஞ்சு பிள்ளையளின்ர மானத்தை வாங்கிற அப்பா. 2007 தை மாதம் நிக்கலோடியன் எண்ட அமெரிக்கப் பிள்ளையள் ரீவியில போச்சு, பிறகு அதே பேரில தொடரும் வந்தது. நியூ யோர்க் வீடும் எங்கட கொட்டிலும் ஒண்டில்லை, ஆனா கைப்பக்குவம் ஒண்டுதான்: பெரியவர் அசடு, பிள்ளை கெட்டிக்காரன், பாட்டு உண்மை.

சினிமாப் பாட்டு வேண்டாம். யூரியூப்பில ஏத்தின உடன உரிமைக்காரர் பிடிப்பினம். இன்னொண்டு, அந்தச் சுருதி பிள்ளைத் தொண்டைக்குச் சரிவராது. நடு சி தொடக்கம் மேல் சி வரைக்குள்ள மெட்டைக் கட்டுங்கோ. ஈ மைனர், ஜி, டி, சி நாலு கோட் (கூட்டுச் சுரம்) காணும். எஃப் வந்தா சின்ன விரல் மடங்காது, பாட்டு அதிலயே முறிஞ்சு விழும். எட்டு வயதுக்கு முக்கால் சைஸ் கிற்றார், 9ஆம் நம்பர் மெல்லிசுக் கம்பி. 20 நிமிசத்துக்கு மேல விரல் நோகும். நொந்த பிள்ளை கமராவைப் பாத்துச் சிரிக்காது.

ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னம் ஏ சுரம் 440 ஹேர்ட்ஸுக்குச் சுருதி பாருங்கோ. வெயிலில நிண்ட வானுக்குள்ள கிடந்த கிற்றார் ஒருபக்கம் இழுத்திருக்கும். முந்தநாள் எடுத்ததையும் இண்டைக்கு எடுத்ததையும் ஒட்டேக்கதான் அந்த வித்தியாசம் பல்லை இளிக்கும். ட்ரம்ஸ்காரனின்ர ஒரு காதில தாளம் தட்டிக் காட்டுற மெட்ரோனோம் நிமிசத்துக்கு 104 தட்டில ஓடட்டும். இல்லாட்டி கோரஸ் வாற நேரம் கோச்சி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு போவான்.

ஒலி வேலை (மறுமொழி):

மெட்ரோனோம் கடைசிக் கச்சேரிக்கு மட்டும் போதும். ஒத்திகைக் காட்சியில ஓட்டம் பிடிக்கிறதுதான் பகிடி. ரெண்டு கமராவும் ஒரே டேக்கில நிண்டா ஒட்டுற பிரச்சினையே இல்லை. படத்தையும் சத்தத்தையும் பொருத்தத் தொடக்கத்தில கை ஒருக்காத் தட்டிவிடுங்கோ.

வயரிங் வேலை:

சுருக்கமா ஒண்டு. ஊர் வீடுகளில மூண்டாவது ஓட்டைக்குள்ள பேனையைக் குத்தி ரெண்டு முள்ளுப் பிளக்கைச் செருகிற பழக்கம் இருக்கு. கிற்றார் அம்பை (அம்ப்ளிஃபையரை) அப்பிடி மாட்டாதேங்கோ. கிற்றார்க் கம்பி அம்பின்ர ஏர்த்தோடதான் தொடுப்பு. மைக் வேற சொக்கற்றில, அல்லது ஜெனரேற்றரில நிண்டா, பாடேக்க உதட்டில அடிக்கும். பிள்ளையின்ர உயிருக்கே ஆபத்து. அம்ப், மிக்சர், கீபோட் எல்லாம் மெய்யான ஏர்த் இருக்கிற ஒரே எக்ஸ்ரென்சனில, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால. பிள்ளை தொட முதல் மீற்றரை ஏசி வோல்ற்றில வைச்சு ஒரு முனை கம்பியில, மற்றது மைக் வலையில. பூச்சியத்தோட நிக்காட்டி நிப்பாட்டுங்கோ. பின்னேரம் வோல்ற் விழுந்து கீபோட் தானா அணைஞ்சா அது வேற வருத்தம், அதைப் படத்தில விட்டிடலாம்.

பள்ளிக்கூடப் பக்கம்:

தாய் தகப்பனின்ர கையெழுத்தோட தமிழில ஒரு பக்கம்: என்ன படம், எங்க காட்டுறது, பிறகு விருப்பம் இல்லாட்டி எப்பிடி எடுப்பிக்கிறது. பள்ளி வளவு எண்டால் அதிபர், அவருக்கு மேல வலயக் கல்வி அலுவலகம். ரெண்டு கிழமை முந்திக் கடிதம் குடுங்கோ. புலமைப்பரிசில் சோதனை இருக்கிற வருசத்துப் பிள்ளையைக் கேக்கவே வேண்டாம். அம்மா ஓம் எண்டாலும் ரியூசன் விடாது. படம் எடுக்கிறது ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், நடுவில சாப்பாடும் நித்திரையும்.

ஒருவருக்கும் நினைவு வராத ஒண்டு பல்லு. இந்த வயதில பால்பல்லு எப்பவும் விழும். முதல் கிழமை எடுத்திட்டு அடுத்த மாதம் மிச்சத்தை எடுத்தா, ஒரே பாட்டுக்குள்ள பல்லு வந்து வந்து போகும். பத்து நாளுக்குள்ள முடியுங்கோ. அதுக்குள்ளயும் விழுந்தா நேர்காணல் ஒண்டு எடுத்து, பல்லு "கச்சேரியில தொலைஞ்சது" எண்டு பிள்ளை சொல்லட்டும். தலைமயிர் வெட்டுக்கும் தாய்மாருக்கு முதலே சொல்லி வையுங்கோ.

வீடியோக்கிளிப்புக்கு வடிவா இருக்கெண்டு பத்தைக்குள்ள இறங்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு ரெண்டு மாவட்டத்திலயும் கண்ணிவெடி அகற்றுற வேலை இன்னும் முழுசா முடியேல்லை. மண்டையோட்டுப் பலகை இருக்கோ இல்லையோ, கிராம சேவகரைக் கேட்ட பிறகுதான் புது இடம். குளக்கட்டு எண்டால் நீர்ப்பாசனத் திணைக்களம்.

எடிற்:

25 நிமிசப் படத்துக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் எடுபடும். 50 மெகாபிற்றில மணித்தியாலத்துக்கு 22.5 ஜிபி, ரெண்டு கமராவுக்கு 450 ஜிபி. ரெண்டு டிஸ்க்கில ஒவ்வொரு இரவும் பிரதி போட்ட பிறகுதான் மெமரிக் காட்டை அழிக்கிறது.

பகிடிக்குப் பிறகு அரைச் செக்கன் சும்மா விடுங்கோ. வெட்டினா செத்துப்போகும். "டொய்ங்" சத்தம், சிரிப்புச் சத்தம், நகைச்சுவை மியூசிக் ஒண்டும் போடாதேங்கோ. மெய்யான ஆவணப்படத்தில இல்லாதது இதிலயும் இருக்கக்கூடாது. சோகப் புல்லாங்குழல் மட்டும் விதிவிலக்கு: ட்ரம்ஸ் தடி தொலைஞ்ச கதைக்கு அதை 12 செக்கன் விட்டுப் பாருங்கோ. பதிமூண்டாவது செக்கனில பாண் ஓட்டோ வரட்டும்.